வருகைப் பதிவேடு வெளியே போன புதன்கிழமை

அந்தக் கல்லூரியின் உளவியல் துறைக்கு முதலில் வந்து சேர்ந்தது பலகைதான். 'வகுப்பறைக்கு வெளியே வாய்ப்புகள் பிரிவு' என்று நீல எழுத்தில் யாரோ எழுதி அனுப்பிவிட்டார்கள். வந்த பலகையை எங்காவது மாட்ட வேண்டுமே என்று ஓர் அறை தேடினார்கள். அறை கிடைத்ததும் அதில் உட்கார ஓர் இயக்குநர் வந்தார். அவர் ஒரு மாதம் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, மாணவர்களும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று முதல்வருக்குக் கடிதம் எழுதினார்.

கல்லூரியில் காலியாக இருந்தது அந்த ஒரே அறைதான். மூன்று வகுப்பறைகளைத் தாண்டி, நான்காவதற்குள் நுழைந்து, அதன் பின்கதவு வழியாகப் போனால் வரும். ஜன்னல் கிடையாது. வெளியே போக ஆசைப்படும் மாணவர்கள், பாடம் நடந்துகொண்டிருக்கும்போது குனிந்தபடி கரும்பலகையைக் கடந்து, இந்த அறைக்குள்ளே வந்து விண்ணப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தொடக்க விழாவில் இயக்குநர் உருக்கமாகப் பேசினார்.

"சைக்காலஜி புஸ்தகத்துல இல்ல பிள்ளைங்களா. அது மனுஷங்ககிட்ட இருக்கு. தெருவுல இருக்கு. ஆஸ்பத்திரில இருக்கு. இதை நான் என் புஸ்தகத்துல மூணாவது அத்தியாயத்துல விவரமா எழுதியிருக்கேன். எல்லாரும் நாளைக்குள்ள படிச்சிட்டு வந்துடுங்க."

இறுதியாண்டு மாணவர்கள் நாற்பத்திரண்டு பேரும் கை தட்டினார்கள். அறுபது மணி நேரம் வெளியே அனுபவம் பெற்றவர்களுக்குத் துறை ஒரு சான்றிதழ் கொடுக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அந்தச் சான்றிதழ் உண்மையிலேயே தேவைப்பட்டது அவர்களில் ஒருத்திக்கு மட்டும்தான். அவள் இருபத்திமூன்று.

அந்தத் துறையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. வருகைப் பதிவேட்டில் என்ன எண்ணோ அதுதான் ஆள். மூன்று வருடம் போனதில் மாணவர்களுக்கே அது பழகிவிட்டது. "ஏழுகிட்ட நோட்டு வாங்கினியா?" என்பார்கள். "பதினொண்ணும் முப்பதும் பேசிக்கிறதில்ல" என்பார்கள்.

இருபத்திமூன்றின் அம்மா பள்ளிச் சீருடை தைப்பவள். மகள் உளவியலில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே கேலி. "மனசைப் படிக்கிறாளாம். எங்கே, இப்ப நான் என்ன நினைக்கிறேன்னு சொல்லு பாப்போம்?" என்பாள். "என்னைத் திட்டணும்னு நினைக்கிற" என்பாள் மகள். அது எப்போதும் சரியாகவே இருக்கும்.

ஆறு மாதத்துக்கு முன் அம்மா படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில், ஆண் பெண் எல்லோரும் கிடக்கும் எலும்புமுறிவுப் பிரிவான நான்காம் வார்டில் ஒன்பது நாள். கூட இருக்கப் போன மகள், அம்மா தூங்குகிற நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரர்களோடும் உட்கார்ந்தாள். அவள் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் புதன்கிழமை தவறாமல் மூன்று மணிக்குப் போய்வந்தாள். வார்டின் தலைமை நர்ஸை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். வாய்விட்டு யாரையும் பாராட்டாத மனுஷி. அவள் ஒருநாள் இருபத்திமூன்றை மருந்து அலமாரிப் பக்கம் கூப்பிட்டாள்.

"நீ எதையும் தோண்டித் தோண்டிக் கேக்க மாட்டேங்கிற. அதான் எல்லாரும் உன்கிட்ட சொல்றாங்க. நோயாளிகளோட பேசுறதுக்குன்னே ஒரு போஸ்ட் வருது. உன்னை எழுதிப் போடலாம்னு இருக்கேன். ஆனா வெளிய அறுபது மணி நேரம் அனுபவம் இருக்குன்னு காலேஜ் சர்டிபிகேட் வேணுமாம். வாங்கிட்டு வந்துடு."

இதில் என்ன கஷ்டம் என்றுதான் இருபத்திமூன்று நினைத்தாள். மறுநாளே கரும்பலகையைக் குனிந்து கடந்து இயக்குநர் முன் போய் நின்றாள்.

"சார், நான் ஏற்கெனவே ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய்க்கிட்டிருக்கேன். முப்பத்தெட்டு மணி நேரம் ஆச்சு."

இயக்குநர் பேனாவை மூடி வைத்தார்.

"யார் அனுப்பினா?"

"யாரும் அனுப்பலை சார். நானாத்தான் போனேன்."

"அனுமதி?"

"பெரிய சிஸ்டர் வரச்சொன்னாங்க."

"நம்ம அனுமதி?"

"இல்ல சார்."

"அப்போ அது மணி நேரம் இல்லம்மா. அது சும்மா நேரம்." அவர் குரலில் கோபமே இல்லை. "பயிற்சி இல்லாம வெளிய போறது எவ்வளவு ஆபத்து தெரியுமா? நல்லவேளை, ஒண்ணும் ஆகலை. திங்கக்கிழமையிலேர்ந்து ஆரம்பிக்கிறோம். வந்து உக்காரு."

பயிற்சி எட்டு வாரம், வகுப்பறையில். முதல் வாரம் 'வெளியே: ஓர் அறிமுகம்'. இரண்டாவது வாரம் கதவைத் தட்டும் முறை. தட்டிய பிறகு எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பது தேர்வுக்கு முக்கியமான கேள்வி என்று இயக்குநர் கோடிட்டுக் காட்டினார். நான்காவது வாரம் நடிப்புப் பயிற்சி. 'வெளி உலகம்' என்ற பாத்திரம் ஏழாம் எண்ணுக்குக் கிடைத்தது. அவன் மேடையில் கைகளை விரித்துக்கொண்டு நிற்பான். மற்றவர்கள் ஒவ்வொருவராக அவனை நெருங்கி வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்புவார்கள். இருபதுக்குப் பத்தொன்பது வாங்கினான். ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று அவன் கேட்டதற்கு, "வெளி உலகம் ஒரு தடவை சிரிச்சிடுச்சுப்பா" என்றார் இயக்குநர்.

எட்டு வாரம் முடிந்தது. இனி வெளியே போக வேண்டியதுதான் பாக்கி. எடுத்த எடுப்பில் தெருவில் இறக்கிவிட்டால் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்பதால், படிப்படியாகப் போகலாம் என்று முடிவானது. முதல் படி, வகுப்பறைக்கு வெளியே இருந்த நடைபாதை.

நடைபாதையில் இரண்டு பெஞ்சு போட்டார்கள். மாணவர்கள் அதில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் மனநிலையைக் கவனித்து எழுத வேண்டும். அந்த நடைபாதையில் போகிறவர்களும் வருகிறவர்களும் அதே துறை மாணவர்கள்தான். அவர்களும் மணி நேரக் கணக்குக்காக வந்தவர்கள். ஆகவே ஒருவரை ஒருவர் உற்றுப் பார்த்து, 'பதற்றமாகக் காணப்படுகிறார்' என்று எழுதினார்கள். எதிரில் இருப்பவர் தன்னைப் பற்றி எழுதுகிறார் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் பதற்றம் வந்தது. அதனால் யார் எழுதியதும் பொய்யில்லை.

கூட்டம் சேர்ந்ததும் சத்தம் வந்தது. அமைதி காக்கவும் என்று எழுத நடைபாதைச் சுவரில் கரும்பலகை மாட்டினார்கள். வெயில் வந்ததால் மின்விசிறி போட்டார்கள். நாய் வந்ததால் இரண்டு முனையிலும் கதவு வைத்தார்கள். தினமும் காலையில் துறையின் அட்டெண்டர் பதிவேட்டைக் கொண்டுவந்து, அங்கேயே நின்று வருகை எடுத்தார். ஒருநாள் மகளைத் தேடி வந்த ஒரு தகப்பனார் எட்டிப் பார்த்து, "இது எந்த கிளாஸ் சார்?" என்று கேட்டுவிட்டார்.

விஷயம் பெரிதாகிவிட்டது. நடைபாதை வகுப்பறையா, வெளியா? பல்கலைக்கழகம் ஐந்து பேர் கொண்ட குழு அமைத்தது. குழு மூன்று முறை கூடியது. மூன்றாவது முறை ஒரு வரையறை பிறந்தது: வருகைப் பதிவேடு எங்கே திறக்கப்பட்டு எல்லா எண்களும் அழைக்கப்படுகின்றனவோ, அதுவே வகுப்பறை. தினமும் வருகை எடுத்ததால் நடைபாதை வகுப்பறையே. அங்கே எல்லோரும் சேர்த்து வைத்திருந்த மணி நேரமெல்லாம் ரத்து.

இருபத்திமூன்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி குனிந்து கரும்பலகையைக் கடந்தாள்.

"சார், அப்போ வெளிய இருந்த நேரத்தை எதுல எழுதுவீங்க?"

"இதென்னம்மா கேள்வி? ரிஜிஸ்டர்லதான்."

"ரிஜிஸ்டர் வந்துட்டா அது கிளாஸ் ஆயிடுதே சார்."

இயக்குநர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். ஜன்னல் இருந்திருந்தால் அதன் வழியாகவும் பார்த்திருப்பார்.

"நல்ல கேள்வி. நல்ல கேள்விக்கு உடனே பதில் சொல்லிட்டா அதுக்கு மரியாதை இல்லாமப் போயிடும். எழுத்துல கொடு."

எழுத்தில் கொடுத்தாள். அட்டெண்டர் அதை வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று பதிவேட்டுக்குள்ளேயே வைத்தார். முப்பத்தொரு வருடமாக அந்தப் பதிவேட்டைச் சுமப்பவர் அவர். சாப்பிடும்போதுகூட அது அவர் மடியில்தான் இருக்கும்.

இதற்கிடையில் நான்காம் வார்டில் சுவரோரக் கட்டிலுக்கு ஒரு கண்டக்டர் வந்திருந்தார். ஓடும் பஸ்ஸின் படியிலிருந்து தவறி, பின்சக்கரத்தில் வலது கால் மாட்டிக்கொண்டது. வந்து மூன்று வாரமாகிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் கேட்டாலும், சாப்பாடு வந்தாலும், முகம் சுவர்ப்பக்கம்தான். சொந்தம் என்று வேற்றூரில் ஒரு தங்கச்சி. போனில் கேட்டால் "அண்ணன் என்ன சொல்லுதோ அதான்" என்று அழுவாள். அண்ணன் எதுவும் சொல்வதில்லை.

இருபத்திமூன்று புதன் மட்டும் போதாதென்று தினமும் போக ஆரம்பித்தாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த எதையும் அவளால் அங்கே செய்ய முடியவில்லை. தட்டுவதற்கு அந்தக் கட்டிலுக்குக் கதவு இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். போர்வைக்கு மேலே இருந்த அவருடைய வலது கை மட்டும் அவ்வப்போது அசையும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ கிழிக்கும். டிக்கெட் கிழிக்கிறார் என்று அவளுக்கு இரண்டாம் நாள்தான் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை பெரிய சிஸ்டர் அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"கால்ல சீழ் மேல ஏறுது. முட்டிக்குக் கீழ எடுத்தே ஆகணும். நாளைக்கு நாலு மணிக்குள்ள அவர் சம்மதிச்சு கையெழுத்துப் போட்டாத்தான் தியேட்டர் கிடைக்கும். விட்டா உயிருக்கே ஆபத்து. நான் கெஞ்சிப் பாத்துட்டேன், டாக்டர் கத்திப் பாத்துட்டார். நாளைக்கு நீ கொஞ்சம் சீக்கிரம் வர்றியா?"

"வர்றேன் சிஸ்டர்."

கல்லூரிக்குத் திரும்பினால் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். 'வெளி அனுபவ நிறைவு விழா. புதன்கிழமை, மாலை மூன்று முதல் ஐந்து மணி வரை, பெரிய கூடம். ரத்தான நேரத்துக்கு ஈடாக, விழாவில் அமர்ந்திருக்கும் அனைவருக்கும் அறுபது மணி நேரமும் ஒரே தவணையில் வழங்கப்படும். வராதவர்களுக்கு வழங்கப்பட மாட்டாது.'

அவள் அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். சான்றிதழ் வந்துவிடும், வேலை வந்துவிடும், அம்மா கண் நோகப் பொத்தான் தைப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். இயக்குநரிடம் போய் நின்றாள்.

"சார், வேற நேரம் முடியாதா? நாளைக்கு ஒரு நோயாளி..."

"யோசிச்சுப் பாரும்மா. நோயாளி எங்கேயும் ஓடிப்போயிட மாட்டார். அவர் படுத்துட்டிருக்கார். விழா அப்படியா? அஞ்சு மணிக்கு முடிஞ்சிடும். அப்புறம் தலைகீழா நின்னாலும் கிடைக்காது. முன்னுரிமைங்கிறதைப் பத்தி நான் ஏழாவது அத்தியாயத்துல..."

அன்றைக்கு வீட்டில் அம்மா தைத்த சட்டைகளை மடித்துக்கொண்டே, "நான் இப்ப என்ன நினைக்கிறேன் சொல்லு" என்றாள்.

"தெரியலைம்மா."

"நீ எங்கே போகப்போறேன்னு உனக்கே தெரியும்னு நினைக்கிறேன். முகத்தைத் தூக்கி வெச்சுக்காம சாப்பிடு."

புதன்கிழமை மூன்று மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. மேடையில் 'நூறு சதவீதம்' என்று பெரிய துணிப் பதாகை. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பார்வையாளர் வந்து நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். அட்டெண்டர் பதிவேட்டைத் திறந்து வருகை எடுத்தார். இருபத்திரண்டு வரை பதில் வந்தது. இருபத்திமூன்றுக்கு வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். பார்வையாளர் நிமிர்ந்து பதாகையைப் பார்த்தார். இயக்குநருக்கு வியர்த்துவிட்டது.

"நிறுத்துப்பா, நிறுத்து!" என்று அட்டெண்டரின் காதோரம் வந்தார். "ஆஸ்பத்திரி பக்கத்துலதானே? ஓடிப்போய் அந்தப் பொண்ணுகிட்ட ரிஜிஸ்டர்ல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடு. அதுவரைக்கும் நான் பேசிட்டிருக்கேன்."

பதிவேடு பாதியில் மூடப்பட்டது. முப்பத்தொரு வருடத்தில் அது நடந்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு நடக்கும்போதே அட்டெண்டருக்குத் தலை வலிக்க ஆரம்பித்துவிட்டது.

நான்காம் வார்டில், சுவரோரக் கட்டில் பக்கத்தில் இருபத்திமூன்று உட்கார்ந்திருந்தாள். அலமாரியின் மேல் சம்மதப் படிவம் கிடந்தது. கண்டக்டரின் முகம் சுவர்ப்பக்கம். மணி மூன்று இருபது. அவள் அதுவரை நான்கு வாக்கியம் பேசியிருந்தாள். நான்கும் சுவரில் பட்டுத் திரும்பிவிட்டன. அட்டெண்டர் வருவதைப் பார்த்து எழுந்தாள்.

"அண்ணே, நான் வரலைண்ணே. போய்ச் சொல்லிடுங்க."

"நீ வர வேணாம் பாப்பா. ரிஜிஸ்டர் வந்திருக்கு" என்று மூச்சு வாங்கினார் அவர்.

"சரி, கொடுங்க, கையெழுத்துப் போடுறேன்."

"அதெப்படி? இருபத்திமூணை மட்டும் தனியாப் போடுற வழக்கமே கிடையாது. ஒண்ணுலேர்ந்து கூப்பிட்டு வரணும். பாதியில விட்டதுக்கே மண்டை பிளக்குது."

அவர் கட்டிலின் கால்மாட்டில் நிமிர்ந்து நின்றார். பதிவேட்டைத் திறந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒண்ணு."

வார்டில் யாரோ இருமினார்கள். அட்டெண்டர் முறைப்படி மூன்று மூச்சு நேரம் காத்திருந்தார்.

"ஒண்ணு வரலை" என்று எழுதினார். "ரெண்டு."

ரெண்டும் வரவில்லை. மூன்று, நான்கு, ஐந்து, யாரும் வரவில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் அவர் வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டுத்தான் எழுதினார். ஒன்பதாவது எண்ணில் போர்வை மேலிருந்த கை கிழிப்பதை நிறுத்தியது. பன்னிரண்டில் அந்தக் கை முஷ்டியானது.

"பதினாலு."

மூன்று மூச்சு.

"பதினாலு வரலை. பதினஞ்..."

"யோவ்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் முழங்கையை ஊன்றி எழுந்திருந்தார். மூன்று வாரம் பேசாத தொண்டை, பாதி காற்றாக வந்தது.

"வண்டி காலியா இருக்கிறது கண்ணுக்குத் தெரியல? ஆளே இல்லாத பஸ்ல நான்கூட டிக்கெட் கேட்டதில்லய்யா!"

பெரிய சிஸ்டர் மருந்துத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். அட்டெண்டருக்கு மட்டும் எதுவும் தெரியாது. இவர் பேசாதவர் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வேலையில் குறுக்கிட்டது ஒன்றுதான் அவருக்குப் பட்டது.

"நீங்க இந்தக் கிளாஸ் இல்ல. பேசக்கூடாது. பதினஞ்சு."

"பதினஞ்சும் வரலை! எழுதிக்கோ!"

"பதினாறு."

"வரலை!"

இப்படியே போனது. போகப் போகக் கண்டக்டரின் குரல் திறந்துகொண்டது. ஸ்டாப்பிங் பெயரைக் கூவுகிற குரல் அது, வார்டின் கடைசிக் கட்டில் வரை கேட்டது.

"இருபத்திமூணு."

"உள்ளேன் ஐயா" என்றாள் அவள்.

கண்டக்டர் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"அப்பாடா, ஒரு ஆளாவது ஏறிச்சே" என்றார்.

நாற்பத்திரண்டு வரை முடித்துப் பதிவேட்டை மூடியதும் அட்டெண்டருக்குத் தலைவலி போய்விட்டது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மத்தவங்கெல்லாம் எங்கய்யா?" என்றார் கண்டக்டர்.

"விழாவுல இருக்காங்க."

"என்ன விழா?"

"வெளிய போனதுக்கு விழா."

"எங்க போனாங்க?"

அட்டெண்டர் யோசித்தார். "எங்கயும் போகல."

கண்டக்டர் சிரித்தார். படுத்திருந்து படுத்திருந்து ஒட்டிப்போன வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. இருபத்திமூன்று நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

"இருபத்தாறு வருஷம்மா. நின்னுகிட்டே. எவ்வளவு ஆடினாலும் கம்பியைப் பிடிக்காம நிப்பேன். டிரைவருங்க பந்தயம் கட்டுவாங்க. காலை எடுத்துட்டு என்னை ஒரு மூலையில உக்கார வெச்சா, அப்புறம் நான் யாரும்மா?"

இதற்கு எத்தனையோ பதில் அவள் படித்திருந்தாள்.

"தெரியலைங்க" என்றாள். "நாளைக்கும் வர்றேன். நாளன்னைக்கும் வர்றேன். யோசிச்சு சொல்லுங்க. அதுக்கு நீங்க இருக்கணும்."

அவர் மேற்கூரையைப் பார்த்தார். பிறகு அவர் கையை நீட்டினார்.

"அந்தத் தாளைக் குடு. எங்க போடணும்?"

மூன்று ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்றாள் பெரிய சிஸ்டர். முதலில் இருபத்திமூன்று போட்டாள். அட்டெண்டர் தன் பேனாவை எடுத்து, நேரம், இடம், தேதி எல்லாம் தெளிவாக எழுதிப் போட்டார். அதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

கண்டக்டரைத் தியேட்டருக்குள் கொண்டுபோகும்வரை இருந்துவிட்டு அட்டெண்டர் கூடத்துக்குத் திரும்பும்போது மணி ஐந்து. இயக்குநர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பதினோராவது அத்தியாயத்துக்கு வந்திருந்தார். பார்வையாளர் தூங்கி எழுந்து மறுபடி தூங்கியிருந்தார்.

குழு மீண்டும் கூடியது. வரையறையை எடுத்து வைத்துக்கொண்டு, பதிவேட்டைப் புரட்டி, எந்தப் பக்கமும் சாயாமல் தீர்ப்புச் சொன்னது. புதன்கிழமை பதிவேடு முழுமையாக அழைக்கப்பட்ட இடம் ஆஸ்பத்திரியின் நான்காம் வார்டு. எனவே அன்றைய வகுப்பறை அதுவே. அங்கே நாற்பத்தொரு பேர் வரவில்லை. ஆகவே அவர்கள் வகுப்பறைக்கு வெளியே இருந்தார்கள் என்பது எழுத்து மூலம் நிரூபணமாகிறது. அவர்களுக்கு அறுபது மணி நேரம். இருபத்திமூன்று மட்டும் வகுப்பறையிலேயே இருந்திருக்கிறார். அவருக்கு வருகை நூறு சதவீதம். வெளி அனுபவம் பூஜ்யம்.

சான்றிதழ் வழங்கும் நாளில் இயக்குநர் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, 'வெளி அனுபவம் பூஜ்யம்' என்று போட்ட சான்றிதழைக் கையில் கொடுத்துத் தோளைத் தட்டினார்.

"வெளிய போகப் பயப்படுற பிள்ளைங்களும் இருக்கத்தான் செய்றாங்க. இந்தப் பொண்ணை நாம கேலி பண்ணக்கூடாது. ஒரு மணி நேரம்கூட வகுப்பை விட்டு நகரலை, பாவம். இவங்களுக்கு நம்ம துறை இலவசமா கவுன்சலிங் ஏற்பாடு பண்ணியிருக்கு."

கவுன்சலிங் கொடுக்க ஏழாம் எண் நியமிக்கப்பட்டிருந்தான். விழா முடிந்ததும் அவன் தயங்கித் தயங்கி வந்தான். "நான் கையை விரிச்சிட்டு நிக்கட்டுமா? நீ வந்து வணக்கம் சொல்றியா?" என்று கேட்டான். நல்ல பையன்தான். அவள் வணக்கம் சொல்லிவிட்டு, நேராக நான்காம் வார்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அழுகையாக வந்தது. வேலை போச்சு என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனாள்.

பெரிய சிஸ்டர் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"நீ வெளியவே வந்ததில்லைன்னு போட்டிருக்கே?"

"ஆமா சிஸ்டர். ரிஜிஸ்டர் வந்துடுச்சு."

பெரிய சிஸ்டர் விளக்கம் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து கண்டக்டரின் கோப்பிலிருந்து சம்மதப் படிவத்தை உருவினாள்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடது."

"கீழ என்ன எழுதியிருக்கு? படி."

"நாலாம் வார்டு, சுவரோரக் கட்டில், புதன்கிழமை, மூணு அம்பது."

"நீ உள்ள இருந்தியா வெளிய இருந்தியான்னு உங்க காலேஜ் அடிச்சுக்கட்டும். நீ இங்க இருந்தே. மிச்ச மணிக்கணக்கை நான் எழுதித் தர்றேன். எங்க ஆபீசுக்கு எங்க தாள் போதும்." அவள் படிவத்தை நகல் எடுக்கக் கொடுத்தாள். "பதினஞ்சாம் தேதியிலேர்ந்து வேலைக்கு வா. ஏன் அழுற? மூக்கைத் துடை."

கல்லூரியிலும் முன்னேற்றம் இருந்தது. வழியைக் கண்டுபிடித்துவிட்டார் இயக்குநர். மாணவர்களை வெளியே அனுப்புவது சிரமம், ஆபத்து. பதிவேட்டை அனுப்பிவிட்டால் எல்லோரும் இருந்த இடத்திலேயே வெளியே இருப்பார்கள். அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் மூன்று மணிக்கு அட்டெண்டர் பதிவேட்டோடு நான்காம் வார்டுக்குப் போய்வர உத்தரவானது. அந்த நேரம் மாணவர்கள் அதே வகுப்பறையில், அதே பெஞ்சில் உட்கார்ந்து இயக்குநரின் புத்தகத்தைப் படித்தார்கள். வெளி அனுபவத்தில் அந்தத் துறை பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் பிடித்தது.

ஒரு புதன்கிழமை அட்டெண்டர் வந்தபோது சுவரோரக் கட்டிலில் ஒரு கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்தவர். பத்து நாளாகப் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தார். செயற்கைக் கால் பொருத்திப் பழக வந்திருந்த கண்டக்டர், கம்பியைப் பிடிக்காமல் நிற்க முயன்றுகொண்டிருந்தார். அட்டெண்டரைப் பார்த்ததும் கண்ணைக் காட்டினார். அட்டெண்டர் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒண்ணு."

"வரலை!" என்றார் கண்டக்டர், ஸ்டாப்பிங் குரலில்.

"ரெண்டு."

"வரலை!"

பத்து, இருபது, முப்பது. கொத்தனார் பொறுமைசாலி. முப்பத்தாறாவது எண்ணில்தான் போர்வை அசைந்தது. உள்ளேயிருந்து எரிச்சலாக ஒரு குரல் கேட்டது.

"எத்தனை பேருய்யா மொத்தம்?"

"நாப்பத்திரண்டு" என்றார் அட்டெண்டர்.

"ஒருத்தர்கூடவா வரலை?"

அவளுடைய எண் இப்போது வேறு யாரோ ஒருவரிடம் இருந்தது. அவள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் வந்திருக்கேங்க" என்றாள்.